பலகையில் இரண்டு, தாளில் நான்கு

காற்றைப் போல ஒரு பொய்க்காரன் உலகத்தில் கிடையாது. நேராக இருப்பதைக் கோணலாகக் காட்டும், அசையாமல் கிடப்பதை ஆட வைக்கும், எங்கே என்று தேடினால் கண்ணுக்கே தெரியாது. அதை யாரும் விசாரணைக்குக் கூப்பிடப் போவதில்லை. மாட்டிக்கொண்டு முழிப்பது மனிதர்கள்தான்.

பலகையம்மாவுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பதினான்கு வருஷமாக அவள் பிழைப்பே அந்தப் பொய்க்காரனோடுதான். புதிதாகச் செய்த விமானங்களைப் பறக்கவிட்டுச் சோதிக்கிற நிலையம் அது. ஓடுபாதையிலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு மேடு, மேட்டின் மேல் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை, அறைக்குள் அவள் உயரத்துக்கு நீளமான லென்ஸ் பூட்டிய கேமரா. விமானம் தாழ்வாகப் பறந்து போகும்போது அதன் வயிற்றையும் இறக்கையையும் விடாமல் துரத்திப் படம் பிடிக்க வேண்டும். எது அதிர்கிறது, எது வளைகிறது, எது கழன்று விழப் பார்க்கிறது என்று கீழே இருக்கிற பொறியாளர்கள் அந்தப் படத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள்.

நான்கு கிலோமீட்டர் என்றால் சும்மா இல்லை. நடுவில் இருப்பது அத்தனையும் காற்று. விடியலில் தரை ஆறிக் கிடக்கும்போது ஒழுங்காக இருக்கும். விமானத்தின் வயிற்றில் எழுதியிருக்கிற எண்ணைக்கூடப் படித்துவிடலாம். வெயில் ஏற ஏறத் தார் சூடாகி, அதன் மேல் காற்று நெளிய ஆரம்பிக்கும். சூடான காற்று வெளிச்சத்தை ஒரு பக்கம் வளைக்கும், பக்கத்திலேயே இருக்கிற ஆறின காற்று இன்னொரு பக்கம் வளைக்கும். கொதிக்கிற பானைக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளைப் பார்ப்பது மாதிரிதான். லென்ஸ் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு நெளிவும் பெரிதாகத் தெரியும்.

அதற்காகத்தான் பலகை. ஓடுபாதை ஓரத்தில் வீட்டுச் சுவர் அளவுக்குக் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட பலகை ஒன்று நிற்கிறது. கோடுகள் ஐந்து வரிசை. மேல் வரிசைக் கோடு ஒவ்வொன்றும் ஒரு முழ அகலம். கீழே வர வர ஒடுங்கி, கடைசி வரிசைக் கோடு நான்கு விரல் அகலம். ஒவ்வொரு பறப்புக்கு முன்னாலும் அந்தப் பலகையை ஒரு படம் எடுக்க வேண்டும். எத்தனை வரிசை ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியாகத் தெரிகிறதோ அதுதான் அப்போதைய காற்றின் மதிப்பெண். அதைக் காற்றுத் தாளில் எழுதி, நேரத்தைக் குறித்து, படத்தை ஒட்டி, கையெழுத்துப் போட வேண்டும். மூன்றுக்குக் கீழே போனால் பறப்பைத் தள்ளிப்போட வேண்டும் என்று விதி. அந்த விதியைப் பிடித்துக்கொண்டு அவள் எத்தனையோ பேரோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள். "பலகை பாத்தாச்சா?" என்று கேட்டே உயிரை எடுப்பாள். பலகையம்மா என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

அவள் தம்பிக்கும் அதே நிலையத்தில்தான் வேலை. கீழே விமானக் கொட்டகையில் ஃபிட்டர், அவளைவிட ஒன்பது வயது இளையவன். அவனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, ஒண்ணுரெண்டு. ஸ்க்ரூ முடுக்கும்போது வாய்விட்டு எண்ணுவான். பதினெட்டு முடுக்க வேண்டும் என்றால் பதினெட்டையும் ஒரு தட்டில் எண்ணி வைப்பான், ஒவ்வொன்றாக எண்ணி முடுக்குவான், முடுக்கியதன் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுப்பான். தட்டு காலியான பிறகுதான் எழுந்திருப்பான்.

"டேய் ஒண்ணுரெண்டு, பதினஞ்சுக்கு அப்புறம் என்னடா வரும்?" என்று கொட்டகையில் வம்புக்கு இழுப்பார்கள்.

"உனக்கு ஆப்பு வரும்" என்பான், எண்ணிக்கையை விடாமல்.

வீட்டில் அம்மா, அக்கா, தம்பி மூன்று பேர்தான். காலையில் அக்காவும் தம்பியும் ஒரே பஸ்ஸில் போவார்கள். சாயங்காலம் யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் டீ போட வேண்டும். ஒருத்தர் வேலையைப் பற்றி இன்னொருத்தருக்கு ஒரு பெருமை இருந்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காகவே இரண்டு பேரும் ஒருத்தர் காலை ஒருத்தர் வாரிக்கொண்டிருப்பார்கள்.

அன்றைக்குப் பறப்பு காலை ஏழு மணிக்கு என்று எழுதியிருந்தது. அவள் ஆறரைக்கே பலகையைப் படம் எடுத்தாள். நான்கு வரிசை சுத்தமாகத் தெரிந்தது. ஆனால் பறப்பைப் பார்க்கத் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய மனுஷர்கள் வருவதாக இருந்தது. பெரிய மனுஷர்கள் என்றைக்கு ஏழு மணிக்கு வந்திருக்கிறார்கள்? ஒன்பது என்றார்கள், பத்து என்றார்கள், சாவகாசமாகக் குளித்துச் சாப்பிட்டுப் பதினொன்றரைக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தார்கள். அதற்குள் ஓடுபாதை வாணலியாகிவிட்டது.

அவள் மறுபடியும் பலகையைப் பார்த்தாள். இரண்டு வரிசைதான் தெரிந்தது. மூன்றாவது வரிசை தண்ணீருக்குள் கிடப்பது போல நெளிந்தது. படத்தை எடுத்து வைத்துக்கொண்டு மேலாளருக்கு ஃபோன் செய்தாள்.

"சார், காத்து ரெண்டுதான் இருக்கு. இன்னைக்கு முடியாது. நாளைக்குக் காலைல வச்சுக்கலாம்."

"வந்தவங்களை நாளைக்கு வாங்கன்னு நான் போய்ச் சொல்லவா? விளையாடாதீங்கம்மா."

"படம் எதுக்குமே உதவாது சார்."

"உதவ வேண்டாம். அவங்க விமானத்தைப் பாத்துட்டுப் போனாப் போதும், படத்தை எவன் பாக்கப் போறான்? காலைல எடுத்த பலகைப் படம் இருக்கில்ல, அதை ஒட்டி நாலுன்னு போட்டு அனுப்புங்க. நானும் கையெழுத்துப் போட்டுடறேன்."

படத்தை எவன் பாக்கப் போறான். அந்த ஒரு வார்த்தையில்தான் அவள் சறுக்கினாள். பதினான்கு வருஷத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, யாருக்கும் கெடுதல் இல்லாத ஒரு பொய் என்று நினைத்துக்கொண்டாள். நேரம் கையால் எழுதுவதுதானே. பதினொன்று நாற்பது என்று எழுதினாள், நான்கு என்று எழுதினாள், காலைப் படத்தை ஒட்டினாள். மத்தியானம் எடுத்த பலகைப் படம் கேமராவில் கிடந்தால் பின்னால் குழப்பம் வரும் என்று அதைத் தன் கையாலேயே அழித்தாள். பலகையம்மா செய்த வேலை இது.

விமானம் இரண்டாவது சுற்றில் தாழ்வாக வந்தபோது இடது இறக்கையின் அடிப்பக்க மூடி கழன்று பறந்தது. அவள் அப்போது அந்த மூடியைத்தான் முழு லென்ஸில் துரத்திக்கொண்டிருந்தாள். விமானி எப்படியோ இறக்கிவிட்டார், ஆனால் விமானம் பக்கவாட்டில் சரிந்து ஓடி மண்ணில் மோதியது. உயிருக்கு ஒன்றுமில்லை, இடுப்பெலும்பு முறிந்தது. கழன்ற மூடி நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற ஏரியில் விழுந்துவிட்டது. நாலு நாள் ஆள் விட்டுத் தேடியும் கிடைக்கவில்லை.

அந்த மூடியின் பதினெட்டு ஸ்க்ரூவையும் அன்று அதிகாலையில் முடுக்கியவன் ஒண்ணுரெண்டு.

ஒரு வாரம் கழித்து விசாரணை நடந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பழைய பொறியாளர்தான் விசாரணைத் தலைவர். பேச்சில் கோபம் வராத மனுஷர். நிதானமாகக் கேட்பார், நிதானமாக எழுதுவார். கழன்றதற்கு இரண்டு காரணம்தான் இருக்க முடியும் என்றார். மூடியின் கீல் வார்ப்பிலேயே பழுதாக இருந்திருக்கலாம். அப்படியென்றால் அது பட்டென்று ஒரே நொடியில் உடைந்து போயிருக்கும். இல்லையென்றால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம். அப்படியென்றால் மூடி கொஞ்ச நேரம் படபடத்துவிட்டுப் பிறகு பிய்ந்திருக்கும்.

தம்பி எழுந்து நின்றான். அவன் முகத்தில் பயமே இல்லை.

"சார், படத்தைப் போட்டுப் பாருங்க. எங்கக்கா எடுத்தது. பலகை பாக்காம அவங்க ஒரு படம்கூட எடுக்க மாட்டாங்க. அதுல என்ன இருக்கோ நான் ஒத்துக்கறேன்."

படத்தைப் போட்டார்கள். மூடி கழல்வதற்கு முன்னால் முழுசாக மூன்று வினாடி அதன் விளிம்பு அலை அலையாக அடித்துக்கொண்டது. பக்கத்துத் தகடும் அதே மாதிரி நெளிந்ததை அவள் பார்த்தாள். அது காற்று என்று அவளுக்குப் பார்த்த நொடியிலேயே தெரிந்தது. மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? பறக்கும்போது இறக்கைத் தகடு அதிர்வது சகஜம்தானே என்றார் ஒருத்தர். தம்பி திரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

தலைவர் காற்றுத் தாளை எடுத்துப் பார்த்தார். "காத்து நாலுன்னு இருக்கு. நீங்க எழுதினதுதானேம்மா?"

வாயைத் திறந்தால் வேலை போய்விடும். பொய்த் தாளுக்குக் கையெழுத்துப் போட்டவளை ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டார்கள். மேலாளர் எதிரே உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா சார்" என்றாள்.

"தாள்ல இருக்கறது சரிதானே?"

"சரிதான் சார்."

அதோடு முடித்துக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவள் செய்தது அதைவிடக் கேவலம். டீயை அவன் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நல்லா நினைச்சுப் பாருடா. பதினெட்டையும் முடுக்கினியா?"

"என்னக்கா நீயே இப்படிக் கேக்கற? தட்டு காலியா இருந்துச்சு. கோடு போட்டேன்."

"இல்லடா, அன்னைக்கு அவசரப்படுத்துனாங்கன்னு சொன்னியே."

"அவசரப்படுத்துனாங்க. ஆனா முடுக்கினேன்."

ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியும். அவன் ஒன்றை விட்டிருந்தான் என்றால் தாளில் இருக்கிற நான்கு யாரையும் கெடுக்கவில்லை என்று ஆகிவிடும். அவள் பாட்டுக்கு வேலைக்குப் போகலாம், வரலாம், தூங்கலாம். தம்பி தப்புச் செய்திருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்ட அக்காவை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அவள்தான் அது. மூன்று வாரம் விடாமல் கேட்டாள். பஸ்ஸில் கேட்டாள், சாப்பிடும்போது கேட்டாள், துணி மடிக்கும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். பத்தாவதை முடுக்கும்போது யாராவது கூப்பிட்டார்களா, தட்டில் எடுத்து வைத்ததே பதினேழாக இருக்குமோ, சிவப்புக் கோடு எல்லாவற்றிலும் இருந்ததைக் கண்ணால் பார்த்தானா என்று ஒவ்வொன்றாகக் கிளறினாள். அம்மாவே ஒரு நாள் எரிந்து விழுந்தாள்.

"அவனை ஏன்டி இப்படிப் பிடுங்கற? அவன்தான் முடுக்கினேங்கறானே."

தம்பி அதற்கும் சிரிக்கத்தான் செய்தான். ஆனால் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் விமானியைப் பார்த்தான். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாராம். வந்து அதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முடிவு சொல்வதற்காக வைத்திருந்த இரண்டாவது விசாரணைக்கு முந்தின நாள், வேறொரு பறப்புக்காக அவள் மேட்டில் இருந்தாள். மத்தியான வெயில். பலகையைப் பார்த்தபோது அதே இரண்டு வரிசை. பலகைக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பம் நிற்கிறது. சிமெண்டுக்குள் ஆளுயரம் புதைத்த கம்பம். லென்ஸை அதன் மேல் திருப்பினாள். கம்பத்தின் விளிம்பு அலை அலையாக அடித்துக்கொண்டது. சினிமா பார்ப்பது போல உட்கார்ந்து பத்து நிமிஷம் அதைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, அன்றைய தாளில் இரண்டு என்று எழுதிப் பறப்பை நிறுத்தினாள். போனால் போகட்டும் வேலை, நாளைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

மறுநாள் அவளைத் தனியாகத்தான் கூப்பிட்டார்கள். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மத்தியானக் காற்று இரண்டு, தாளில் எழுதியது நான்கு, ஒட்டியது காலைப் படம், அழித்தது மத்தியானப் படம், சொன்னது மேலாளர், செய்தது அவள். ஒன்றையும் பூசி மெழுகவில்லை.

தலைவர் பேனாவை மூடி வைத்தார். "மத்தியானப் பலகைப் படம் இருக்கா?"

"நான்தான் அழிச்சுட்டேன்னு சொன்னேனே சார்."

"போன தடவை கேட்டப்ப தாள் சரின்னீங்க. இப்ப தப்புங்கறீங்க. நீங்க அவருக்கு அக்கா வேற. நான் எதை எடுத்துக்கறது, சொல்லுங்க."

மேலாளரைக் கூப்பிட்டுக் கேட்டார். மேலாளர் கண்ணை இமைக்காமல், "காத்து நல்லாத்தான் இருந்துச்சு சார், இல்லேன்னா நான் கையெழுத்துப் போட்டிருப்பேனா?" என்று கை கழுவிவிட்டு வெளியே போனார். போகும்போது அவள் தோள்பக்கம் குனிந்து, "டென்ஷன் ஆகாதீங்கம்மா" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

"சார், அவன் பதினெட்டையும் முடுக்கியிருக்கான். எனக்கு நல்லாத் தெரியும். அவன் எண்ணாம எழுந்திரிக்க மாட்டான்."

தலைவர் ஒரு காகிதத்தை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். அவருக்கே சங்கடமாக இருந்தது போலத்தான் தெரிந்தது. தம்பியின் கையெழுத்து. சின்ன வயதில் அவள் பிடித்து எழுதவைத்த அதே குண்டு எழுத்து. முந்தின நாள் தேதி.

பதினெட்டையும் முடுக்கினேன் என்றுதான் இதுவரை சொல்லி வந்தேன். படத்தைப் பார்த்த பிறகும், வீட்டில் பலமுறை யோசித்துப் பார்த்த பிறகும், ஒன்றை விட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது. எனக்கு இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. விமானி என்னை மன்னிக்க வேண்டும்.

அவள் இரண்டு தடவை படித்தாள். வீட்டில் பலமுறை என்ற இடத்தில் எழுத்து கொஞ்சம் அழிந்திருந்தது.

"அவரே இப்படி எழுதிக் கொடுத்தப்புறம் நான் என்னம்மா செய்யறது?" என்றார் தலைவர். "நீங்க சொன்னதை நான் எழுதிக்கல. எழுதினா உங்களுக்கும் வேலை போகும், அவருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்ல. ஒரு வீட்டுல ரெண்டு பேருக்கும் வேணாம். போங்க."

"எழுதிக்குங்க சார்" என்றாள். அவர் அடுத்த கோப்பை எடுத்துவிட்டார்.

தம்பியின் ஃபிட்டர் அட்டையை ரத்து செய்தார்கள். அட்டை இல்லாதவன் எந்த நிலையத்திலும் விமானத்தைத் தொட முடியாது. அவளுடைய வேலை அப்படியே இருந்தது. காற்றுத் தாளிலும் அந்த நான்கு அப்படியே இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவன் முதலிலேயே வந்து டீ போட்டு மூடி வைத்திருந்தான். அவள் பையைக்கூட இறக்கி வைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு, நான்கு, காலைப் படம், கம்பம். அம்மா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ முடுக்கினடா. பதினெட்டையும் முடுக்கின. அது வெறும் காத்துதான். நான்தான் பாவி" என்று முடித்தாள்.

கத்துவான் என்று எதிர்பார்த்தாள். ஓங்கி அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள். அவன் டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"உனக்கு எப்படிக்கா தெரியும்?" என்றான். "நீ நாலு கிலோமீட்டர் தள்ளியில்ல இருந்த."

"டேய், உன்னை எனக்குத் தெரியாதா?"

"மூணு வாரமா தெரியலையே."

அவன் குரலில் குத்தல்கூட இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"மொதல்ல எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சுக்கா. தட்டு, கோடு, எல்லாம். நீ கேக்கக் கேக்க ஒவ்வொண்ணாப் போயிடுச்சு. இப்ப கண்ணை மூடினா அந்தப் படம்தான் வருது. நான் முடுக்கினது வரவே மாட்டேங்குது. முடுக்கினேன்னு நீ சொல்ற. விட்டுட்டேன்னு படம் சொல்லுது. எனக்கு ஒண்ணும் தெரியல."

அம்மா உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து, மகனுக்கு ஏதாவது கை வேலை கொடுத்தால் தேவலை என்று நினைத்தாளோ என்னவோ, அடுப்படி அலமாரிக் கதவு தொங்குகிறது, கொஞ்சம் பார் என்று கூப்பிட்டாள். அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு போனான். கீலில் நான்கு ஸ்க்ரூதான். அக்கா கூடத்தில் பையோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு."

பெட்டியை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு திறக்கிற சத்தம் கேட்டது.

"ஒண்ணு. ரெண்டு."

அதற்குப் பிறகும் அவன் முதலிலிருந்து எண்ணினான். டீ ஆறிப்போகும் வரைக்கும் எண்ணிக்கொண்டிருந்தான்.